வியாழக்கிழமை இறங்கியவர்

அத்தியாயம் 6

"என் வீட்டுக்காரருக்கு இன்னொரு பொம்பள இருக்கணும் மேடம். எப்பாடு பட்டாவது கண்டுபிடிச்சுக் குடுங்க."

கையிலிருந்த டீ கிளாஸை நான் கீழே வைத்துவிட்டேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுத மனைவிமார்கள் எத்தனையோ பேர். அப்படி ஒருத்தி இருக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் எல்லாரும் படியேறி வருவார்கள். இருக்க வேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆள் நௌஷீன்தான். முப்பது வயதிருக்கும். கறுப்பு புர்கா, முகம் திறந்திருந்தது. தூங்கி நாலைந்து நாள் ஆன கண்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் விமல்ராஜ். ரேவதி துப்பறியும் நிறுவனத்தின் உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன், எல்லாம் நானே. நிறுவனம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி, நாலு நாற்காலி, கம்பெனி வாகனம் என்று சொல்லிக்கொள்ள என் ஆட்டோ. ரேவதி மேடம் இதற்கு முன்னால் சென்னையில் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு தகராறுப் பிரிவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர். 'இந்தச் செலவை நான் பண்ணவே இல்லை' என்று போனில் கத்துகிறவர்களில் யார் நிஜமாகக் கத்துகிறார், யார் பெண்டாட்டி பக்கத்தில் நிற்பதால் கத்துகிறார் என்று குரலை வைத்தே பிரித்துவிடுவாராம்.

"முதல்ல இருந்து சொல்லும்மா," என்றார் மேடம்.

நௌஷீன் சொன்னாள். கணவன் பெயர் அர்பாஸ். ஏசி மெக்கானிக். இந்த மாதம் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, வாலாஜாபாத்தில் ஒரு வேலை என்று பஸ் ஏறியவன் திரும்பவில்லை. அன்றிலிருந்து போன் அணைந்து கிடக்கிறது. கிளம்புவதற்கு முன் வீட்டில் சண்டை.

"எதுக்கு சண்டை?"

"சாப்பிட்டுக்கினு இருந்தாரு மேடம். போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். ஒரு பொம்பள குரல். 'உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கோம் சார், வேற யாருக்கும் காட்டலை'ன்னா. யாருன்னு கேட்டேன், கட் பண்ணிட்டா. இவரைக் கேட்டா சிரிக்கிறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்... திரும்பி வராதேன்னு சொல்லிட்டேன். என் வாயாலதான் சொன்னேன்."

புர்கா நுனியால் வாயை அழுத்திக்கொண்டாள். மேடம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

"போலீஸ்?"

"எழுதிக் குடுத்திருந்தேன். சனிக்கிழமை கூப்பிட்டாங்க. வாலாஜாபாத் பக்கம் தென்னேரி ஏரியில ஒரு மய்யித்து கெடைச்சிருக்குது, ஆம்பள, முப்பத்தஞ்சு வயசு சொல்லலாம், தண்ணியில பத்து நாள் கெடந்திருக்குது, முகம் தெரியலை, வந்து பாருன்னாங்க. நான் போகலை. நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் வரலைன்னா அனாதைன்னு அடக்கம் பண்ணிடுவாங்களாம்."

"ஏம்மா போகலை?"

அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். அர்பாஸின் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட். அவன் ஈமெயில் அவளுடைய போனிலும் இருந்ததால் கிடைத்தது. கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள். பன்னிரண்டாம் தேதி, பஞ்சாட்சரம் சில்க்ஸ், காஞ்சிபுரம், ரூபாய் 38,500.

"பத்து நாளைக்கு முன்னாடி தண்ணியில விழுந்த ஆளு, நாலு நாளைக்கு முன்னாடி பட்டுப் புடவை வாங்குவாரா மேடம்?"

"கார்டை வேற யாராவது அடிச்சுக்கினு போயி..." என்று நான் ஆரம்பித்தேன்.

"இவ்ளோ பெரிய தொகைக்குக் கடையில பின் நம்பர் போட்டாகணும் விமல்," என்றார் மேடம்.

"அந்த நம்பர் எனக்கே தெரியாது. கேட்டா, 'உனக்குத் தெரிஞ்சா கடை கடையா ஏறி இறங்குவே'ம்பாரு." நௌஷீன் முதல் முறையாகக் கொஞ்சம் சிரித்தாள். "கடைக்கு போன் போட்டேன் மேடம். ஒரு பொண்ணு எடுத்துச்சு. அர்பாஸ்னு ஒருத்தர் வந்தாரான்னு கேட்டேன். நோட்டைப் பொரட்டிப் பார்த்துட்டு, 'அர்பாஸ்தானே? வியாழக்கிழமை இறங்கிட்டாரும்மா'ன்னுச்சு. பஸ்ஸு ஏறிப் போனவரு இறங்கிட்டாரு. அந்த சிறுக்கிக்குப் புடவை எடுத்துக் குடுத்திருக்காரு. குடுக்கட்டும். அவளோட இருக்கட்டும். எங்க கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டுக் குடுத்துட்டுப் போறேன். அவ பேரையும் வீட்டையும் மட்டும் சொல்லுங்க. தூரத்துல நின்னு ஒரு தடவ அவரைப் பார்த்துட்டு வந்துடறேன்."

எனக்கு எப்போதும் ஒரு கிண்டல் நாக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு அது வரவில்லை.

"நேரா கடைக்குப் போயி கேக்க வேண்டியதுதானேம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லைன்னு சொல்லிட்டா என்னண்ணா பண்ணுவேன்?"

மேடம் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

ஆட்டோவில் பின் சீட்டில் இரண்டு பேரும். நௌஷீன் வெளியே பார்த்தபடி வந்தாள். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று நான் பேச்சுக் கொடுத்தேன். "மேடம், எனக்கு ஒரு சந்தேகம். கார்டைத் தேய்ச்சதும் காசு கடைக்காரர் கைக்குப் போயிடுதா?"

"உன் அவசரத்துக்கெல்லாம் பேங்க் ஆடாது. மெஷின் முதல்ல கடையோட பேங்க்கைக் கேக்கும். அது கார்டு கம்பெனி வழியா, கார்டு குடுத்த பேங்க்கைக் கேக்கும். 'இந்த ஆளுக்கு இவ்ளோ செலவு பண்ண யோக்கியதை இருக்குதா?' அவங்க ஆமான்னா மெஷின்ல ஒரு நம்பர் வரும். அவ்ளோதான். அது வெறும் வாக்கு. காசு அப்புறமா வரும், பெரும்பாலும் மறுநாள். அதுலயும் நூத்துக்கு ஒண்ணோ ரெண்டோ கமிஷன் பிடிச்சுக்கினு."

"அப்ப புடவை வித்த அன்னிக்குக் கடைக்காரர் கையில ஒண்ணும் இருக்காதா?"

"சிலிப் இருக்கும். நாம அதைத்தான் பார்க்கப் போறோம்."

பஞ்சாட்சரம் சில்க்ஸ் காந்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. பெரிய கடை இல்லை. கண்ணாடிக் கதவு, உள்ளே பாய் விரித்த தரை, மூன்று பக்கமும் புடவை அடுக்கு. பின்கட்டில் தறிச் சத்தம். நௌஷீன் உள்ளே வர மறுத்துவிட்டாள். ஆட்டோவைக் கண்ணாடிக்கு நேராக நிறுத்திவிட்டு நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம்.

முதலாளி பஞ்சாட்சரம் அறுபதைத் தாண்டியவர். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கல்லாவில் அவர் மருமகள் கிருஷ்ணவேணி. அவள் கையருகே கார்டு மெஷின்.

"வாங்கம்மா, கல்யாணமா?" என்றார் பெரியவர்.

"நாங்க ரெண்டு பேருமா? ஐயா, என் சம்பளத்தை எனக்குக் குடுக்கவே இவங்களுக்கு மனசு வராது," என்றேன் நான்.

மேடம் என்னைப் பார்வையாலேயே ஓரமாக உட்கார வைத்துவிட்டு, ஒளிக்காமல் விஷயத்தைச் சொன்னார். ஒருவரைக் காணவில்லை, மனைவி வெளியே ஆட்டோவில் இருக்கிறாள், அவர் கார்டு இந்தக் கடையில் போடப்பட்டிருக்கிறது. போனில் அர்பாஸின் போட்டோவைக் காட்டினார்.

கிருஷ்ணவேணியின் முகம் மலர்ந்தது. "இவரா! நல்லாத் தெரியுமே. அர்பாஸ் சார். ஒரு கலரைப் பிடிச்சுக்கினு என் உசுர வாங்கிட்டாரு."

"கார்டு யார் போட்டாங்க?"

"அவருதாம்மா. அவரே பின் நம்பர் அடிச்சாரு. நான் மெஷினைப் பிடிச்சுக்கினு அந்தப் பக்கம் திரும்பிக்கினு நின்னேன். எதுக்கும்மா அடுத்தவங்க நம்பரைப் பார்த்துக்கினு?"

அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு துப்பறிவாளனுக்கு என்ன சாட்சி வேண்டும்? நான் எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். மேடம் பின்னாலிருந்து "விமல், இரு" என்றது காதில் விழுந்தது. விழுந்தும் நான் நிற்கவில்லை. அதை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"தங்கச்சி! அவரேதான் வந்தாராம். அவரே பின் போட்டாராம். பார்த்த பொண்ணு உள்ள இருக்குது!"

நௌஷீன் ஆட்டோ கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "யா அல்லா," என்றாள். அப்புறம் அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். "பாவி மனுஷா. பதிமூணு நாளு. வரட்டும், கால ஒடிச்சு வீட்டுல போடறேன். அண்ணா, அவ கூட வந்தாளாண்ணா? அழகா இருந்தாளாமா?"

"எல்லாத்தையும் கேட்டுக்கினு வரேன். நீ முதல்ல கண்ணைத் தொடைச்சுக்கோ."

அவள் போனை எடுத்து யாருக்கோ பேச ஆரம்பித்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குள் போனேன்.

உள்ளே மேடம் கம்பியில் குத்தி வைத்திருந்த சிலிப்புகளைக் கழற்றிப் பாயில் வரிசையாக வைத்திருந்தார். எல்லாம் பன்னிரண்டாம் தேதியுடையவை. மொத்தமே நாலு. மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் என் நடை தானாகவே குறைந்தது.

"நேரத்தைப் படி," என்றார்.

படித்தேன். "பதினொண்ணு ரெண்டு. பதினொண்ணு நாலு. பதினொண்ணு ஏழு. பதினொண்ணு பதினொண்ணு."

"ஒன்பது நிமிஷத்துல நாலு பட்டுப் புடவை வித்திருக்குது. நீ இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவன். சொல்லு, நடக்குமா?"

நடக்காது. என் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரே ஒரு புடவை எடுக்க நாலு பேர் ஒரு கடையில் காலையில் உட்கார்ந்து சாயங்காலம் எழுந்தார்கள். நடுவில் இரண்டு பேருக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

"இன்னொண்ணு. சாதாரணமா பின் போட்டு வாங்கின சிலிப்புல, பின் சரியா இருக்குதுன்னு கீழ ஒரு வரி இங்கிலீஷ்ல அடிச்சிருக்கும். இந்த நாலுலயும் அந்த வரி இல்ல." மேடம் கிருஷ்ணவேணியிடம் திரும்பினார். "வியாழக்கிழமை கடையில கூட்டமாம்மா?"

"அன்னிக்கு அமாவாசைம்மா. தறிக்கெல்லாம் லீவு. நாங்களே பாதி ஷட்டர்தான் தூக்கி வெச்சிருந்தோம். வெளிய நெய்யக் குடுத்திருக்குற புடவைங்க அன்னிக்குத்தான் எங்க கைக்கு வரும்."

"அப்ப இந்த நாலு பேரும் வந்தது?"

"யாரும் வரலையேம்மா. இதெல்லாம் ப்ரீ-ஆத்து சிலிப்பு."

"பிரியாத்தாவா?" நான் துள்ளினேன். "மேடம், அந்தப் பொம்பள பேரு கெடைச்சுடுச்சு!"

ஒருவரும் சிரிக்கவில்லை. மேடம் மெதுவாகத்தான் சொன்னார். "அது பொம்பள பேரு இல்ல விமல். பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிப்பே இல்ல, அந்த மாதிரி. கார்டுல இருந்து காசை எடுக்க மாட்டாங்க. இவ்ளோ ரூபா எங்களுக்குன்னு துண்டு போட்டு வெப்பாங்க. லாட்ஜுல ரூம் எடுக்கும்போது பண்ணுவாங்க. பொருள் ரெடியானதும் கடைக்காரர் மெஷின்ல பழைய நம்பரைப் போட்டு முடிச்சுக்குவாரு. அதுக்குக் கார்டு வேண்டாம். பின் வேண்டாம். ஆளும் வேண்டாம்."

பெரியவருக்குத் தாங்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டோமோ என்று பயம் வந்துவிட்டது. "சட்டப்படிதாம்மா பண்றோம். முன்னெல்லாம் ஆர்டர் அன்னிக்கே முழுக் காசும் கார்டுல வாங்கிடுவோம். கல்யாணம் நின்னுபோச்சு, காசைத் திருப்பிக் குடுன்னு வருவாங்க. திருப்பிப் போட்டா அவங்க கைக்குப் போறதுக்குப் பத்து நாள் ஆவும், அதுவரைக்கும் தெனம் வாசல்ல வந்து சண்டை. பேங்க் பிடிச்ச கமிஷனும் எங்களுக்குத் திரும்பி வராது. என் தம்பி லாட்ஜு நடத்தறான். அவன்தான் இந்த வழியைச் சொன்னான். பேங்க்ல எழுதிக் குடுத்து மெஷின்ல ஏத்தி வாங்கினேன். புடவை தறியில இருந்து இறங்கற வரைக்கும் யாரு காசையும் தொட மாட்டோம். அமாவாசைக்கு அமாவாசை, இறங்கின புடவைக்கு மட்டும் மொத்தமா அடிச்சுடுவோம்."

"இறங்கற வரைக்கும்," என்று மேடம் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னார். "கிருஷ்ணவேணி, சனிக்கிழமை ஒரு பொண்ணு போன் பண்ணி அர்பாஸ் வந்தாரான்னு கேட்டுதா?"

"ஆமாம்மா. அவங்க வீட்டுல இருந்து புடவை ரெடியான்னு கேக்கறாங்கன்னு நெனைச்சேன். வியாழக்கிழமையே இறங்கிட்டாருன்னு சொன்னேன்."

"யாரு இறங்கிட்டாரு?"

"அர்பாஸ்தாம்மா." அவளுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "புடவைக்குத் தனியா பேரா இருக்குது? யாரு ஆர்டரோ அவங்க பேரைத்தான் சொல்லுவோம். இப்ப உள்ள ராமராஜன் தறியில ஏறியிருக்காரு. தனசேகரன் பாதியில நிக்கறாரு. முந்தி நெய்யணும். அர்பாஸ் இறங்கிட்டாரு."

பெரியவர் குறுக்கிட்டார். "ஊர்ல எல்லாரும் புடவை அறுத்தாச்சுன்னுதாம்மா சொல்லுவாங்க. தறியில இருந்து அறுத்துத்தானே எடுக்கறோம். எங்க கடையில மட்டும் அந்த வார்த்தையை விடமாட்டேன். தாலி ஏறப்போற பொண்ணு கட்டிக்கிற பொருள். அறுக்குறது, அறுத்தவள்னு அவங்க காதுல விழலாமா? அதனால இறங்கிடுச்சுன்னு சொல்லச் சொல்லுவேன்."

எந்தப் பெண்ணின் காதிலும் அபசகுனமாக ஒரு வார்த்தை விழக் கூடாது என்று அந்த நல்ல மனிதர் பார்த்துப் பார்த்து மாற்றி வைத்திருக்கிறார். அந்த நல்ல வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஒருத்தி இரண்டு நாளாகப் பிணவறைக்குப் போகாமல் இருக்கிறாள். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. என்மேலேயே பட்டுக்கொண்டேன்.

"அவர் பின் நம்பர் போட்டது என்னிக்கும்மா?" மேடம் கேட்டார்.

கிருஷ்ணவேணி நோட்டைப் புரட்டினாள். "போன மாசம் இருபத்து மூணு. வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிச்சுட்டுத் தொப்பியோட வந்தாரு."

"அதுக்கப்புறம் வந்தாரா?"

"வரலை. ஒரு தடவை போன்ல பேசணும்னு பண்ணினேன். அவரு கேட்ட கத்திரிப்பூ கலர்ல பட்டு நூல் கொஞ்சம்தான் வந்திருந்துச்சு. உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கோம், வேற யாருக்கும் காட்டலைன்னு சொன்னேன். லைன்ல யாரோ பொம்பள. விஷயத்தை வீட்டுல சொல்லிடாதீங்கன்னு அவரு முன்னாடியே சொல்லியிருந்தாரா, பயந்து கட் பண்ணிட்டேன்." அவள் குரல் இறங்கியது. "புடவை வந்ததுல இருந்து கூப்பிட்டுக்கினேதான் இருக்கேன். ஸ்விட்ச் ஆஃப்னே வருதும்மா."

பின்கட்டில் தறிச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. மேடம் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அர்பாஸ் என்ற பெயருக்கு எதிரே, முந்தியில் ஜரிகையால் நெய்ய வேண்டிய பெயர் என்று ஒரு கட்டம். அதில் வேறு கையெழுத்து.

"எழுத்துத் தப்பா நெய்துடப் போறீங்கன்னு அவரே பேனாவை வாங்கி எழுதினாரு," என்றாள் கிருஷ்ணவேணி. "ரெண்டு சுழியா மூணு சுழியான்னு என்கிட்ட கேட்டாரு."

அங்கே ஒரே ஒரு பெயர்தான் எழுதியிருந்தது.

பஞ்சாட்சரம் எழுந்து, அடுக்கிலிருந்து மஞ்சள் பையில் போட்ட புடவையை எடுத்து வந்தார். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "அம்மா, காசை வேணா திருப்பிப் போட்டுடட்டுமா? கமிஷன் போனா போவட்டும்."

"போட்டா அவர் கார்டுக்குத்தான் போகும் ஐயா," என்றார் மேடம். ஒன்பது வருஷம் யார் யார் கதறலையோ கேட்டுப் பழகிய மனுஷி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நௌஷீன் போனில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். சிரிப்பு தெரிந்தது. பதிமூன்று நாளில் அவள் முழுசாகச் சிரித்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதை அவளுக்குக் கொடுத்தவன் நான்.

"நான் போய்ச் சொல்றேன்," என்றார் மேடம்.

"வேணாம் மேடம். ஓடிப்போயி சொன்னவன் நான்."

கடையிலிருந்து ஆட்டோவுக்கு இருபது அடி இருக்கும். என்னைப் பார்த்ததும் அவள் போனை மடியில் வைத்தாள். "அந்தப் பொம்பள பேரு கெடைச்சுதாண்ணா?"

"கெடைச்சுதும்மா."

"சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். சத்தியமா."

"நௌஷீன்னு எழுதியிருக்குதும்மா. அவரு கையெழுத்து."

அவளுக்கு உடனே புரியவில்லை. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "என் பேரா? அவ பேரும் நௌஷீனா?" என்றாள். பிறகு அவசரமாகப் பேசினாள். "இருக்கும்ணா. ஊர்ல நான் ஒருத்திதானா நௌஷீன்? எங்க தெருவுலயே இன்னொருத்தி இருக்கா. வாலாஜாபாத்துல கூட இருப்பா. அவளுக்காகத்தான் வாங்கியிருப்பாரு. நல்லா விசாரிங்கண்ணா. கலர் கேட்டீங்களா? என்ன கலரு?"

"கத்திரிப்பூ."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அது யாருக்குப் பிடித்த நிறம் என்று நான் கேட்கவில்லை.

மேடம் வந்து அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவர் பின் போட்டது போன மாதம். வியாழக்கிழமை கடைக்கு யாருமே வரவில்லை. இறங்கியது புடவை. போனில் பேசிய பெண், உள்ளே கல்லாவில் இருப்பவள். நௌஷீன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"அப்ப வேற பொம்பளையே இல்லையா மேடம்?"

"இல்லம்மா."

"ஒருத்தி கூட இல்லையா?"

அந்தக் கேள்வியைக் காதால் கேட்க முடியாமல் நான் ஆட்டோவுக்கு முன்பக்கம் போய் நின்றுகொண்டேன். பின்னால் அவள் அழுகிற சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. போனில் நம்பர் அழுத்தும் சத்தம்தான் வந்தது.

"சார், நான் நௌஷீன் பேசறேன். சனிக்கிழமை கூப்பிட்டீங்க இல்ல, அர்பாஸ் சம்சாரம். நாளைக்குக் காலைல அடக்கம் பண்ணிடாதீங்க சார். நான் வந்துக்கினே இருக்கேன். அவரு அனாதை இல்ல சார். அவருக்கு வீடு இருக்குது, நான் இருக்கேன். நாங்க எடுத்துக்கறோம்."

பஞ்சாட்சரம் மஞ்சள் பையோடு கடை வாசல்வரை வந்து, மேற்கொண்டு வரத் தெரியாமல் நின்றார். நான் வண்டியைக் கிளப்பினேன். அரசு ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பும்போது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு வயதான பெண் குரல், சந்தோஷத்தில் இரைந்தது. அர்பாஸின் அம்மா.

"நௌஷீன், கறி வாங்கியாந்து அடுப்புல ஏத்திட்டேன்மா. அவன் கெடைச்சுட்டானா? எத்தனை மணிக்குக் கூட்டியாருவே? அரிசி போடட்டுமா?"

ஆட்டோ சத்தத்தில் அவள் பதில் கேட்காமல் போய்விடுமோ என்று நான் வேகத்தைக் குறைத்தேன். "மாமி" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். மறுபடியும் "மாமி" என்றாள்.

"இன்னாமா, சொல்லு."

"அடுப்ப அணைச்சுடுங்க மாமி."